துவக்குக்கு அவசரம் வேண்டாம், மனிதருக்குத் தாமதம் வேண்டாம்



வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து உறவுகளே, இது நீளமான பதிவு. திட்ட வேண்டும் என்று தோன்றினால் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள். பாதியில் நிறுத்தித் திட்ட வேண்டாம்.

சென்ற வாரம் எங்களிடம் ஒரு வேலை வந்தது. எங்களிடம் என்றால், இந்தப் பக்கத்தில் படிப்பிக்கிற மூன்று ஆசிரியர்களிடம். ஊரில் யாருக்காவது கடிதம், மனு, முறைப்பாடு எழுத வேண்டுமென்றால் "சேர்மாரிடம் குடுங்க, அவங்க நல்லா எழுதுவாங்க" என்று அனுப்புவது வழக்கம். நாங்களும் மறுத்ததில்லை. இந்த முறை மறுத்துவிட்டோம். மறுத்ததற்கு வட்ஸ்அப் குழுக்களில் எங்களுக்குக் கிடைத்த பட்டங்களைப் பார்த்தோம். "பயந்தாங்கொள்ளிகள்" என்பது அதில் மரியாதையான ஒன்று. அதனால் காரணத்தைப் பகிரங்கமாகவே எழுதுகிறோம்.

கேட்டது இதுதான். தங்களுடைய பாதுகாப்புக்குத் துவக்கு லைசன் கேட்டு விண்ணப்பித்த வியாபாரிகள் சிலருக்கு மாதக்கணக்காகப் பதில் இல்லை. பொலிஸ் அறிக்கை, புலனாய்வு அறிக்கை என்று பைல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆகவே 30 நாட்களுக்குள் பின்னணி விசாரணையை முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று ஒரு மனு எழுதி, ஜும்ஆவுக்குப் பிறகு கையெழுத்து வாங்க வேண்டும்.

இதைக் கேட்டு வந்த நானா நல்ல மனிதர். அவருடைய மகள் எங்களிடம் படித்த பிள்ளை. அவருக்கு வெளிநாட்டு இலக்கத்திலிருந்து கப்பம் கேட்டு அழைப்பு வந்திருக்கிறது. பிள்ளை எந்த வேனில் எத்தனை மணிக்குப் போகிறாள் என்பது வரை அந்தக் குரல் சொல்லியிருக்கிறது. அவர் எங்களிடம் சொன்னது இது: "சேர், ஒம்பது மாசம். கள்ளன்ட கையில துவக்கு ஈக்குது. என்ட கையில பைல் நம்பர் ஈக்குது."

அந்த வசனம் எங்களைத் தூங்க விடவில்லை. அவருடைய பயம் உண்மை, அவருடைய கோபம் நியாயம். ஆனால் அவர் கேட்கிற மருந்து நஞ்சு. அதைத்தான் விளக்கப் போகிறோம்.

முதலில் சட்டம். இந்த நாட்டில் துவக்கு வைத்திருப்பது உரிமை அல்ல, அனுமதி. இன்றும் அடிப்படையாக இருப்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம். 1915 கலவரத்தில் எங்கள் மூத்தவர்களின் கடைகள் எரிந்ததற்கு அடுத்த வருடம் வந்த சட்டம் அது. வயலையும் சேனையையும் காட்டுப்பன்றியிலிருந்து காக்க விவசாயிக்குத் துவக்கு தேவையென்றால் மாவட்ட செயலகம் ஊடாக அது போகிறது. தற்பாதுகாப்புக்கு என்றால் பாதுகாப்பு அமைச்சு. லைசன் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிகிறது, புதுப்பிக்க வேண்டும். 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு தானியங்கித் துவக்கைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம்.

இந்த முறையில் ஓர் அடிப்படை இருக்கிறது. பதில் வராவிட்டால் "இல்லை" என்று அர்த்தம். விசாரணை முடியும் வரை கையில் துவக்கு இல்லை. காத்திருக்க வேண்டியவர் துவக்கு கேட்பவர்தான், அவரைச் சுற்றி இருப்பவர்கள் அல்ல. எங்களிடம் கேட்ட மனு இந்த ஒரு இடத்தைத்தான் தலைகீழாக மாற்றச் சொல்கிறது. பதில் வராவிட்டால் "ஆம்".

அப்படி மாற்றி வைத்த ஒரு நாடு இருக்கிறது. அமெரிக்காவில் கடையில் துவக்கு வாங்குபவரின் பெயரை எப்.பி.ஐ.யின் பதிவில் சரிபார்க்க வேண்டும். மூன்று வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால், கடைக்காரர் விரும்பினால் விற்கலாம். 2015 ஏப்ரலில் ஓர் இளைஞன் பிஸ்டல் வாங்கப் போனான். போதைப்பொருள் தொடர்பாக அவன் கைதான பதிவு ஒன்று இருந்தது. அது எந்தப் பொலிஸ் நிலையத்தில் இருக்கிறது என்ற குழப்பத்தில் விசாரணை இழுபட்டது. மூன்று நாள் முடிந்தது, பிஸ்டல் கைமாறியது. ஜூன் 17ஆம் திகதி இரவு சார்ள்ஸ்டன் நகரத்தில் கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்றில் பைபிள் வகுப்புக்குள் அவன் போய் உட்கார்ந்தான். வந்தவனை வரவேற்று இடம் கொடுத்தார்கள். அவர்களில் ஒன்பது பேரைக் கொன்றான். அந்தத் துவக்கு அவனுக்குக் கிடைத்திருக்கக் கூடாது என்று எப்.பி.ஐ. பணிப்பாளரே பிறகு ஏற்றுக்கொண்டார். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்குப் பக்கத்தில் வாழ்கிற நமக்கு இந்தக் கதையை அதிகம் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று. இது எங்கள் முஸ்லிம் சகோதரர்களுக்கு. 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை, நியூசிலாந்தின் கிரைஸ்ட்சேர்ச். ஜும்ஆவுக்கு வந்தவர்கள் உட்பட 51 பேர் இரண்டு பள்ளிவாசல்களில் கொல்லப்பட்டார்கள். அந்த வீடியோவைக் குழுக்களில் பகிர்ந்து அழுதோம். ஆனால் அந்தக் கொலைகாரனிடம் லைசன் இருந்தது என்பது எத்தனை பேருக்கு ஞாபகம்? 2017 நவம்பரில் அவனுக்கு லைசன் கொடுத்தார்கள். அந்த நாட்டு முறைப்படி அவனை நன்றாகத் தெரிந்த நெருங்கிய உறவினர் ஒருவரைப் பொலிஸ் விசாரித்திருக்க வேண்டும். பதிலாக, இணைய விளையாட்டில் பழகிய ஒரு நண்பரையும் அந்த நண்பரின் பெற்றோரில் ஒருவரையும் விசாரித்துவிட்டுப் போதும் என்று விட்டார்கள். 2020இல் வெளிவந்த அரச விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை இந்தக் குறையைப் பகுதி பகுதியாக எழுதியிருக்கிறது.

நம்முடைய பள்ளியில் தொழுகிறவர்களைக் கொன்றது மெதுவான விசாரணை அல்ல, மேலோட்டமான விசாரணை. இதை அறிந்துகொண்டு, ஜும்ஆ முடிந்து வருகிற மக்களிடம் "விசாரணையைச் சுருக்குங்கள்" என்ற மனுவில் கையெழுத்து வாங்க எங்களால் முடியாது.

"அது வெள்ளைக்கார நாடு சேர், இங்கே நிலைமை வேறு" என்று சிலர் சொல்வீர்கள். சரி, இங்கே வருவோம்.

"துவக்கு இருந்திருந்தால் அளுத்கம நடந்திருக்குமா? திகன நடந்திருக்குமா?" இந்தக் கேள்வி எல்லாக் குழுக்களிலும் வருகிறது. 2014 ஜூனிலும் 2018 மார்ச்சிலும் வந்தவர்கள் கூட்டமாக வந்தார்கள். ஒரு கடை முதலாளியின் கையில் ஒரு பிஸ்டல் இருந்து, அவர் பயத்தில் ஒரு முறை சுட்டு, ஒருவர் விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்த ஒரு தோட்டாவின் கதையை மறுநாள் முழு நாடும் பேசியிருக்கும். எரிந்த கடைகளின் கதையை யாரும் பேசியிருக்க மாட்டார்கள். 2019 மே மாதத்தில் பள்ளிகளில் வாள் கண்டெடுத்தார்கள் என்று தொலைக்காட்சியில் காட்டிக் காட்டி நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்பது மறந்துவிட்டதா? வாளுக்கே அந்த நிலை.

"காத்தான்குடியை மறந்துவிட்டீர்களா?" என்று கேட்பவர்களும் உண்டு. மறக்கவில்லை. 1990 ஆகஸ்ட் 3, இஷா தொழுகை, இரண்டு பள்ளிகள், நூற்றுக்கு மேற்பட்ட ஜனாஸாக்கள். ஏறாவூரும் அதே மாதம்தான். அதன் பிறகு கிழக்கில் ஊர்காவல் படையில் சேர்ந்தவர்களின் கையில் அரசாங்கம் சொட்கன் கொடுத்தது. அந்தத் துவக்கு சில ஊர்களில் இரவைக் காத்தது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அதே துவக்குகளில் சில அயல் தமிழ்க் கிராமங்களை நோக்கித் திரும்பின என்பதையும் மறுக்க மாட்டோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நமக்கு அடுத்த வீட்டில் இருப்பவர்களில் அந்தக் கிராமங்களிலிருந்து வந்தவர்களும் இருக்கலாம். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நல்லவர் கையில் துவக்கு இருந்தால் பயமில்லை என்று சொல்கிறோம். யார் நல்லவர் என்று யார் முடிவு செய்வது? அதற்குத்தானே விசாரணை.

இனி, அந்த நானாவின் கேள்விக்கு வருகிறோம். கள்ளனிடம் துவக்கு இருக்கிறதே?

ஆம், இருக்கிறது. ஆனால் அது எங்கிருந்து வந்தது? கொழும்பில் மோட்டார் சைக்கிளில் வந்து சுட்டுவிட்டுப் போகிறவர்கள் அமைச்சுக்கு விண்ணப்பம் போட்டவர்கள் அல்ல. 2025இன் தொடக்கத்தில் அரசாங்கமே சொன்ன கணக்கு இது: ஒரே ஓர் இராணுவ முகாமிலிருந்து மட்டும் 73 ரி-56 துவக்குகள் பாதாள உலகக் குழுக்களுக்குப் போயிருக்கின்றன. எழுபத்து மூன்று. பூட்டுப் போட்டு, புத்தகத்தில் பதிந்து, காவலுக்கு ஆள் வைத்த களஞ்சியத்திலிருந்து. ஆக, துவக்கைக் கண்காணிக்கும் முறை நம்முடைய வியாபாரிகளிடம் கடுமையாக இருப்பது பிரச்சினை அல்ல. களஞ்சியத்தில் அது தூங்கிக்கொண்டிருந்ததுதான் பிரச்சினை. அதற்குத் தீர்வு களஞ்சியத்தை எண்ணுவதா, ஊருக்குள் இன்னும் நூறு பிஸ்டலைக் கொண்டு வருவதா?

சுடுவதற்கு வருகிறவன் நேரம் சொல்லிவிட்டு வருவதில்லை. சில விநாடிகளில் முடித்துவிட்டுப் போகிறான். லாச்சிக்குள் பிஸ்டல் இருக்கிறது என்று தெரிந்தால் கப்பம் கேட்பவன் இரண்டு பேரை அனுப்புவான், முதலில் சுடச் சொல்லி அனுப்புவான். அந்த பிஸ்டல் வீட்டில் இருக்கும் மற்ற நேரங்களில், பத்தாம் வகுப்பு படிக்கிற மகன் கையில் அது படாமலிருக்க வேண்டும், கோபத்தில் ஒரு இரவு கணவன் கையில் அது படாமலிருக்க வேண்டும். நாங்கள் பிள்ளைகளோடு பழகுகிறவர்கள். ஒரு துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாள் வகுப்பில் என்ன பேச்சு என்பது எங்களுக்குத் தெரியும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ரி-56க்கும் மைக்ரோ பிஸ்டலுக்கும் வித்தியாசம் சொல்கிறான். பெருக்கல் வாய்ப்பாட்டில் தடுமாறுகிறவன் அவன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த அரசின் விசாரணை முறையை நாங்கள் புகழ்கிறோம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் உண்மையான கோபம் இனித்தான் வருகிறது.

இந்த இரண்டு ஊர்களுக்கும் பின்னணி விசாரணை என்றால் என்னவென்று யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அதை நாம் துவக்கு வாங்கப் போய் அறியவில்லை. நம்மையே துவக்கு மாதிரி நடத்தியதால் அறிந்தோம். யுத்த காலத்தில் காலி வீதி லொட்ஜ் ஒன்றில் ஓர் இரவு தங்க வந்தவர் முதலில் பொலிஸில் பதிய வேண்டும். எங்கிருந்து வந்தாய், எதற்கு வந்தாய், எப்போது போவாய். வெளிநாட்டு விசாவுக்காக வந்த பிள்ளைக்கும், ஆஸ்பத்திரிக்கு வந்த அம்மாவுக்கும் அதே கேள்விகள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தட்டி எழுப்பி, 376 தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அவர்கள் செய்த குற்றம், கொழும்பில் இருப்பதற்குத் தகுந்த காரணம் காட்டாதது. மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் அதற்குள் பஸ் போய்விட்டது.

அதாவது மனிதர் விஷயத்தில் சட்டம் நேர்மாறு. பதில் திருப்தியில்லாவிட்டால் "போ". சந்தேகம் தீரும் வரை காத்திருக்க வேண்டியவர் சந்தேகிக்கப்பட்டவர்.

அன்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் சமூகத்தில் பலர் "அது தமிழர் பிரச்சினை" என்று இருந்தோம். அதை இன்று வெட்கத்தோடு எழுதுகிறோம். 2019இல் அதே முறை நம்மிடம் வந்தது. உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வைத்தவர்கள் நம் பெயரைத் தாங்கியவர்கள். அதை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. ஆனால் ஏப்ரல் 4ஆம் திகதியே எச்சரிக்கை வந்தும் அரசு தூங்கியது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதியும் பாதுகாப்பு உயர் அதிகாரிகளும் கடமை தவறினார்கள் என்று தீர்ப்பளித்து இழப்பீடு கட்டச் சொன்னது. யாரை விசாரிக்க வேண்டுமோ அவர்களை விசாரிக்கவில்லை. அதற்குப் பிறகு விசாரிக்கப்பட்டது யார்? ஹசலகவில் கப்பல் சுக்கான் படம் போட்ட சட்டை அணிந்த ஒரு பெண், அது தர்மச் சக்கரம் என்று சொல்லிக் கைது. பாடசாலை வாசல்களில் பிள்ளைகளின் பை ஒவ்வொன்றாகத் திறந்தோம். திறந்தவர்களில் நாங்களும் உண்டு. கொம்பாஸ் பெட்டி, சோற்றுப் பெட்டி எல்லாம். அது அந்த நேரத்துக்குத் தேவையாக இருக்கலாம். அபாயாவோடு வந்த ஆசிரியைகளை வாசலிலேயே நிறுத்தி வைத்தது தேவையா?

எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவரின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. கவிஞர் அஹ்னாப் ஜஸீம், ஆசிரியர். 'நவரசம்' என்ற கவிதைப் புத்தகம் எழுதியவர். 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடித்தார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஒரு கவிதைப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று விசாரித்து முடிக்க மூன்றரை வருடம். அந்த மூன்றரை வருடமும் காத்திருந்தது அரசு அல்ல, அவர்.

இனி 2025 பெப்ரவரி 19ஆம் திகதியை எடுங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் புதுக்கடை நீதிமன்றம். சட்டத்தரணி போல உடுத்த ஒருவன், கைதிக் கூண்டில் நின்றவரை நீதிவானின் கண் முன்னே சுட்டுக் கொன்றான். துவக்கு உள்ளே வந்தது, நடுவில் வெட்டிக் குடைந்த ஒரு சட்டப் புத்தகத்துக்குள்.

கவிதைப் புத்தகத்தை வரி வரியாக விசாரித்த நாட்டில், துவக்கு இருந்த சட்டப் புத்தகத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை. சோற்றுப் பெட்டியைத் திறந்தோம், கறுப்புக் கோட்டுக்கு வழி விட்டோம்.

இதுதான் எங்கள் வாதம் முழுவதும். இந்த நாட்டில் விசாரணை கூடிவிட்டது என்றோ குறைந்துவிட்டது என்றோ நாங்கள் சொல்லவில்லை. தவறான இடத்தில் நடக்கிறது என்கிறோம். ஆயுதத்தை விசாரிக்க வேண்டிய கண்டிப்போடு மனிதரை விசாரிக்கிறார்கள். மனிதருக்குக் காட்ட வேண்டிய நம்பிக்கையை ஆயுதத்துக்குக் காட்டினார்கள், அதை வைத்திருப்பவர் பெரிய ஆளாக இருந்தால். 2024 நவம்பரில் தற்பாதுகாப்புக்குக் கொடுத்த துவக்குகள் எல்லாவற்றையும் மீளாய்வுக்காகத் திருப்பித் தரச் சொன்னபோது, அரசியல்வாதிகளும் அதில் சேர்ந்தார்கள். அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது, எவ்வளவு பேருடைய இடுப்பில் இது இருந்தது என்று. அந்த மீளாய்வு தாமதம் என்று சிலர் முனகினார்கள். அந்த முனகலுக்கு எங்களிடம் அனுதாபம் இல்லை.

நபி (ஸல்) அவர்களின் ஒரு போதனை ஹதீஸ்களில் வருகிறது. அம்புகளை எடுத்துக்கொண்டு பள்ளியையோ கடைத்தெருவையோ கடந்து போகிறவர், யாருக்கும் கீறல் படாமல் அம்பின் முனைகளைத் தன் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்து. அங்கே கடைத்தெருவில் நிற்பவர் விலகி நிற்க வேண்டும் என்று சொல்லப்படவில்லை. கடைத்தெருவில் நிற்பவர் தன்னை நிரூபிக்க வேண்டும் என்றும் சொல்லப்படவில்லை. கூர்முனை யாருடைய கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பொறுப்பு, அவருக்குத்தான் சிரமம். துவக்கு லைசனில் இருக்கிற தாமதம் அந்தச் சிரமம்தான். அதைச் சுமக்க மனமில்லாதவர் அம்பை எடுக்கக் கூடாது.

அப்படியென்றால் அந்த நானா என்ன செய்வது? "பொறுமையாக இருங்கள்" என்று சொல்லிவிட்டு நாங்கள் பாடசாலைக்குப் போவதா?

இல்லை. அவரிடம் ஒரு கேள்வி கேட்டோம். "கப்பம் கேட்டு வந்த அழைப்பைப் பற்றிப் பொலிஸில் முறைப்பாடு போட்டீர்களே, அதற்கு என்ன பதில்?" அவர் சிரித்தார். அந்த முறைப்பாட்டுக்கும் பதில் இல்லை. யாரும் கூப்பிட்டுக்கூடக் கேட்கவில்லை.

பார்த்தீர்களா? அவருக்கு இரண்டு பைல் காத்திருக்கிறது. துவக்கு பைல் ஒன்று, முறைப்பாட்டு பைல் ஒன்று. முதலாவது தாமதமாகலாம், தாமதமானால் யாரும் சாகப்போவதில்லை. இரண்டாவது ஒரு நாள்கூடத் தாமதமாகக் கூடாது, அதில்தான் ஒரு பிள்ளையின் வேன் நேரம் இருக்கிறது. ஊர் சேர்ந்து கையெழுத்து வாங்குவதென்றால் எதற்கு வாங்க வேண்டும்? அரசு செய்ய வேண்டிய காவலை நாமே காசு கொடுத்து வாங்கி லாச்சியில் வைத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால், அரசுக்கு அது நல்ல ஆறுதல். முறைப்பாட்டு பைலை மூடி வைத்துவிடலாம்.

ஆகவே நாங்கள் மனு எழுதினோம். ஆனால் வேறு மனு. அதில் இருப்பது இவ்வளவுதான்.

1. கப்பம், மிரட்டல் பற்றிய முறைப்பாட்டுக்கு உடனடியாக விசாரணை தொடங்க வேண்டும். என்ன நடந்தது என்று முறைப்பாட்டாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். தமிழில் முறைப்பாடு போட்டவருக்குத் தமிழில்.

2. துவக்கு லைசனில் "பதில் வராவிட்டால் அனுமதி" என்ற பேச்சுக்கே இடமில்லை. விசாரணையை இன்னும் ஆழமாக்குங்கள். விண்ணப்பிப்பவரின் வீட்டில் இருப்பவர்களையும், முக்கியமாக மனைவியை, தனியாக, இரகசியமாகக் கேளுங்கள்.

3. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள், மேன்முறையீட்டுக்கு வழி வையுங்கள். "முஸ்லிம் என்பதால் மறுத்தார்கள்", "தமிழர் என்பதால் மறுத்தார்கள்" என்ற சந்தேகம் தீர வேறு வழி இல்லை. கட்டாயம் மறுக்க வேண்டியவர்களை மறுக்கவும் அதுதான் பலம்.

4. அமைச்சரானாலும் முதலாளியானாலும் ஒரே பைல், ஒரே கேள்விகள். மாவட்டத்துக்கு எத்தனை லைசன், எத்தனை துவக்கு தொலைந்தது, முப்படைக் களஞ்சியங்களின் கணக்கு சரியா என்பதை வருடத்துக்கு ஒரு முறை பகிரங்கப்படுத்துங்கள்.

5. மனிதரை விசாரிப்பதற்குக் கால எல்லை வையுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான தடுப்புக் காவல் உத்தரவின் எல்லையை 2022இல் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்ததைப் பெரிய சீர்திருத்தமாகக் காட்டினார்கள். குற்றச்சாட்டு இல்லாமல் ஒரு வருடம்! அந்தச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று வந்தது. அது போக வேண்டும்.

நான்காவது விடயத்துக்கு அரசின் மனம் மாறும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. எந்தப் பிரஜையும் எழுதிக் கேட்கலாம், தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். நானாவின் முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது என்று அவர் சார்பில் ஒரு விண்ணப்பம் எழுதிவிட்டோம். லைசன் எண்ணிக்கையைக் கேட்டு இன்னொன்று எழுதுகிறோம். பதில் வந்தால் இங்கேயே போடுவோம். பதில் வராவிட்டால் அதையும் போடுவோம்.

நானா முதலில் கோபப்பட்டார். "ஒங்களுக்கு கடை இல்ல சேர், அதான் பேசுறீங்க" என்றார். உண்மை, எங்களுக்குக் கடை இல்லை. அவர் இழக்கக்கூடியது எங்களைவிட அதிகம் என்பதையும் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அந்த வேனில் போகிற பிள்ளைகளில் எங்கள் பிள்ளைகளும் உண்டு. மறுநாள் மாலை அவரே வந்து முறைப்பாட்டின் பிரதியைத் தந்துவிட்டுப் போனார். துவக்கு விண்ணப்பத்தை அவர் திருப்பி வாங்கவில்லை, வாங்கச் சொல்லி நாங்கள் கேட்கவும் இல்லை. அது சட்டப்படி போகட்டும், எவ்வளவு காலம் எடுக்குமோ எடுக்கட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு கையெழுத்து வாங்கத் தொடங்குகிறோம். இந்த முறை பள்ளி வாசலில் மட்டும் அல்ல. கோயில் வாசலுக்கும் தேவாலய வாசலுக்கும் வருவோம். 2007இல் அந்த பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நாங்கள் என்ற கடன் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் வருகிறோம்.

கையெழுத்துப் போட விருப்பமில்லாதவர்கள் வந்து வாதாடுங்கள். தேநீர் உண்டு. ஆனால் "முப்பது நாளில் துவக்கு" மனுவைத் தூக்கிக்கொண்டு யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: உங்களுக்குப் பிடிக்காத ஒருவரும் இதே மனுவால் முப்பது நாளில் துவக்கு வாங்கலாம், சரியா?

யா அல்லாஹ், எங்கள் தெருக்களையும் எங்கள் பிள்ளைகளையும் காப்பாற்றுவாயாக. ஆமீன்.